எரிபொருள் கணக்கு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த தோல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் உள்ளறையில் அதை வைத்தோம். இயக்கிய சிறிது நேரத்தில் பெட்டி சூடாகும்; பின்பக்க விசிறியிலிருந்து பதப்படுத்திய தோலின் வாசனை மெல்லக் கசியும். விண்வெளியின் வாசனையே அதுதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் நாங்கள் வேறெதுவும் செய்ததில்லை, விண்வெளியில் போனதைத் தவிர. நாங்கள் என்றால் நானும் அத்தையும். அத்தை அப்பாவின் தங்கை, மருத்துவமனையில் நர்ஸ், எங்களோடுதான் இருந்தார். கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து அந்த விளையாட்டின் சிடியை வாங்கி வந்திருந்தார். ஒரு சிறிய கப்பலை ஓட்டிக்கொண்டு நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்குத் தாவ வேண்டும். தாவும்போது திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் நீளும். பிறகு சத்தமே இல்லாமல் ஒரு புதிய சூரியன் எதிரே நிற்கும். மதிய வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தியிருப்போம். அந்த அரையிருட்டில், காலை டியூட்டி முடித்து வந்த அத்தையின் முகம் ஒரு நேரம் நீலமாகவும் ஒரு நேரம் ஆரஞ்சாகவும் மிதந்துகொண்டிருக்கும்.

ஒவ்வொரு தாவலுக்கும் எரிபொருள் செலவாகும். கண்டுபிடித்த நட்சத்திரங்கள் நம் பெயரில் பதிவாக வேண்டுமானால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வழியில் எரிபொருள் தீர்ந்தால் எல்லாம் போயிற்று. எனக்கு ஒன்பது வயது. என் பெயரில் பத்து நட்சத்திரமாவது வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு குறிக்கோள் இல்லை. எரிபொருள் முள் பாதிக்கு வந்ததுமே "போதும், திருப்புங்க அத்தை" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிவிடுவார்.

விடுமுறை நாட்களில் அப்பா கதவருகே நின்று பார்ப்பார். தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. விளக்கின் கீழே விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறிய கோடு, அம்மை வடு என்று குறை கண்டுபிடித்து, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன், செகண்ட் செலக்‌ஷன் என்று தரவாரியாக அடுக்க வேண்டும். எங்கள் கிரகங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மொத்தமும் உண்ணி கடிச்சா மாதிரி இருக்குது. நாலாவது செலக்‌ஷன்."

"ஒண்ணையாவது ஃபர்ஸ்டுன்னு சொல்லியிருக்கியாண்ணா நீ?"

"வரட்டும், சொல்றேன்."

அந்த ஆண்டு அத்தைக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. காகிதமெல்லாம் வந்துவிட்டது. அதே நேரத்தில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளை ஷூ கம்பெனியில் மேனேஜர், நல்ல குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாடு கூடாது, நைட் டியூட்டி கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. அம்மாவுக்கு முழுத் திருப்தி. அத்தையிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. உள்ளறையில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக அத்தை கம்ப்யூட்டரைப் போட்டார்.

"கூப்பிடறதுக்குள்ள ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம், வா குட்டி."

போனோம். இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்த ஓரிடம். பாலாற்று மணல்போல் வெளுத்த வளையங்கள் கொண்ட ஒரு கிரகம். முள் பாதிக்கு வந்தது.

"திருப்புங்க அத்தை."

வெள்ளைக் கோடுகள் நீண்டன.

"அத்தை!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகும் ஒன்று. முள் சிவப்பில் போய் விழுந்தது. எதிரே ஒரு கிரகம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பதப்படுத்தும் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரத்தோலுக்கு ஒரு வெளிர்நீலம் உண்டு, அதே நீலம். ஒரு கீறல் இல்லை, புள்ளி இல்லை.

காபித் தட்டை எடுத்துப்போக அத்தையைக் கூப்பிட அப்பா வந்தார். நான் அழுதுகொண்டே முறையிட்டேன்.

"எல்லாத்தையும் தீர்த்துட்டாங்கப்பா! இனிமே திரும்பி வரவே முடியாது. என் பேரு வராது!"

அப்பா தலையைச் சற்றே சாய்த்துத் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்தான்" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "அவ்ளோ தூரத்துல தனியா இருந்துடுவியாம்மா?" என்று கேட்டார்.

"இருப்பேண்ணா."

அப்பா என் தலையைத் தடவிவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவர் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம். "வீடு தேடி வந்தவங்கள இப்டியா அனுப்புவாங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். காபி ஆறியது. மிஞ்சிய கேசரியை நான் மட்டுமே தின்றேன். கப்பலைத் தொலைத்த அத்தைக்குப் பங்கு தர எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் அவர் அயர்லாந்து போனார், அங்கேயே தங்கிவிட்டார். ஞாயிறுகளில் தொலைபேசியில் பேசுவார். "நம்ம கப்பல் எப்படி இருக்குது?" என்று கேட்பார். "உங்களாலதான் அங்கேயே மாட்டிக்கிச்சு" என்பேன். அவர் சிரிப்பது அத்தனை தூரத்திலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். பள்ளியில் யார் கேட்டாலும், எங்கள் அத்தை நல்லவர்தான், கணக்கில்தான் வீக் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு டைபாய்டு வந்து, வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றியவர் அவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் குழாயிலிருந்த சிறு சக்கரத்தை மயிரிழை அளவு திருப்புவார். ஒரு சொட்டு கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். அந்த விரல்களை நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருந்தும், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கணக்கைத் தவறவிட்டதாகவே நினைத்தேன்.