நூற்றுப் பதினெட்டுப் புள்ளி ஏழு

மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் மொட்டை மாடியில் ஏரியல் நட்டு அந்தப் பேரே வாங்கிவிட்ட ஏரியல்காரர் ரேடியோ ஸ்கேனரைத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறார். "துண்டுல கையைத் துடைங்க முதல்ல" என்று மனைவி சொல்வது அவர் காதில் விழாது. நிஜமாகவே விழாது. முப்பத்தொரு வருஷம் கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகட்டோடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் இரண்டு காதும் கையை விரித்துவிட்டன. செவிடருக்கு எதற்கு ரேடியோ என்று மாடி வீட்டுக்காரர்கள் வாய்க்குள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவர் கேட்பதில்லை, பார்க்கிறார். பெட்டியின் திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது யாராவது பேசினால் அந்த எண் நின்று, பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு எரியும். எந்த எண் நின்றது என்பதை வைத்தே பேசுவது யார் என்று சொல்லிவிடுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட அவர் பாடத்திலிருந்து தப்பவில்லை.

"அலைவரிசைன்னா தெரு மாதிரிங்க. நூத்தெட்டு வரைக்கும் பாட்டுக் கச்சேரி. நூத்திப் பதினெட்டுல ஆகாயம் ஆரம்பிக்குது, பூரா விமானம். நூத்தம்பத்தாறுல கடல். நானூத்தம்பதைத் தாண்டினா டாக்ஸி, வாட்ச்மேன். யாரும் யார் தெருவுலயும் நுழைய மாட்டாங்க."

"சார், வாஷர் தேஞ்சு போச்சு."

"ஆமாமா, ரொம்ப உயரம் போனா அதுவும் வரும்."

இத்தனை தெரு இருந்தும் அவர் காத்திருப்பது ஒரே கதவுக்குத்தான்: நூற்றுப் பதினெட்டுப் புள்ளி ஏழு. விமான நிலையக் கோபுரம். விமானங்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய ஒரே மகள். அந்த எண் நின்றதும் உள்ளங்கையை ஸ்பீக்கர் வலைமேல் வைத்துக்கொள்வார். பச்சைக் கோடு எரியும், வலை சும்மா இருக்கும், பிறகுதான் அதிரும். "பாரு, மூச்சு இழுத்துக்கிறா. பள்ளிக்கூட மேடையிலயும் இப்படித்தான் நிப்பா" என்று ஊருக்கே கேட்கச் சொல்லி, மனைவியின் உதட்டைப் பார்ப்பார். "என்ன சொல்றா?"

"இறங்கச் சொல்றா" என்று அவள் உதட்டை நிதானமாக அசைப்பாள். அல்லது, "காத்து பலமா இருக்காம்."

மூன்று வாரத்துக்கு முன் மகளை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர்க் கோபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். "நீ சொல்லாத பாப்பா, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று மனைவி வாக்குக் கொடுத்தாள். வாய் வரவில்லை. ஆகாய அலை வளையாது, கண் பார்வை போல நேராகத்தான் போகும், பூமி சரிந்த இடத்தில் விட்டுப்போகும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஏரியலை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் குரல் இனி இந்த வீட்டுக்கு வராது. மகள் பேசும் போனில் கை வைத்தால் சூடு மட்டும்தான் தெரிகிறது.

ஆகவே தினமும் யாரோ ஒரு பெண் பேச, இவள் "இறங்கச் சொல்றா" என்கிறாள். பெற்ற மகளைப் பற்றியே பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே.

நேற்றும் எண் நின்றது. கோடு எரிந்த அதே நொடியில் வலை அதிர்ந்தது. புதிய பெண் மூச்சுக்குக் காத்திருப்பவள் இல்லை. அவர் வழக்கம்போல், "இன்னைக்கு நல்லாப் பேசுறா" என்றார். மனைவி தண்ணீர் டம்ளரை வைக்கக் குனிந்தபோது, அவர் அலைவரிசைகளைக் குறித்துவைக்கும் நோட்டு திறந்திருந்தது. நூற்றுப் பதினெட்டுப் புள்ளி ஏழுக்கு நேரே 'பாப்பா' என்று எழுதியிருந்ததன்மேல் ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்து: 'வேற பொண்ணு. மூச்சு இல்ல.' கீழே தேதி. மகள் ஊரைவிட்டுப் போன மறுநாள்.

டம்ளரைப் பிடித்தபடியே அவள் நின்றுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். எண் மறுபடி நின்றது. நோட்டை மூடி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் தள்ளினார். "என்ன சொல்றா?" என்று கேட்டு, உள்ளங்கையை வலைமேல் வைத்து, அவள் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்.