மூன்று மடிப்பு வலை

மம்சாபுரம் பால்சாமியின் மூத்த மகள் பெத்தம்மாள் வாக்கப்பட்டது உள்ளூரிலேயே, சோணைமுத்துவுக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி வெள்ளத்தில் வீச்சுவலையோடு ஆற்றில் உள்ள ரெண்டாள் மடுவுக்குப் போனவன் திரும்பவில்லை. கரையில் சட்டையும் செருப்பும் கிடந்தன. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

"முங்கிட்டான்" என்றது பாதி ஊர். "எவ கூடயோ திருப்பூருக்குப் போயிட்டான்" என்றது மீதி. பெத்தம்மாள் தாலியைக் கழற்றவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. மடு வற்றினால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள்.

மடு லேசில் வற்றுகிறதா? மாசியில் ஆற்றில் ஓட்டம் நிற்கும். பங்குனியில் மேலும் கீழும் உள்ள பள்ளமெல்லாம் காய, மிச்ச மீன் அத்தனையும் மடுவில் வந்து ஒதுங்கும். சித்திரையில் இடுப்பளவுத் தண்ணீரில் கையை விட்டாலே கெளுத்தி குத்தும். ஆனாலும் ஊரார் இறங்கமாட்டார்கள். செத்தவன் காலைப் பிடிப்பான் என்று பயம்.

பெத்தம்மாள் இறங்குவாள். அவள் காலையும் ஏதோ தொடும். கடிக்காது, இழுக்காது. கணுக்காலைச் சுற்றிக் குளிர்ச்சியாக, ஆள் விரல் மாதிரி ஒரு தடவல். முதல் வருஷம் அலறிவிட்டாள். பிறகு பழகிப்போயிற்று. நின்றபடியே மகள் சடங்கானது, மாமியார் செத்தது, கூரை ஒழுகுவது எல்லாம் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை அது போகாது. முதலில் அகப்படும் மீனை அதற்கென்று தண்ணீரிலேயே விட்டுவிடுவாள்.

இந்த வருஷம் மலையில் மழையில்லை. சுற்றிலும் போர் போட்டு உறிஞ்சியாயிற்று. சித்திரை பாதியிலேயே மடு முழங்காலுக்கு இறங்கிவிட்டது. சோணைமுத்துவின் தங்கை முனீஸ்வரி, ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமை லீவென்று கூட வந்தாள். உச்சி வெயில். காக்கை சத்தம்கூட இல்லை.

மீனை மடக்கும் அடியில்லாத கூடையைப் பெத்தம்மாள் தண்ணீரில் கவிழ்த்ததும் உள்ளே ஒரு விரால் துள்ளியது. முழங்கை நீளம்.

"ஏன் மதினி, அண்ணனுக்கு மட்டும் வருசாவருசம் விராலு, கூடப் பொறந்தவளுக்குக் கெண்டை முள்ளா?"

"வாயை மூடுட்டி. அவிய காதுல விழுந்துறப் போவுது."

"விழட்டும். எம்புட்டு வருசமாத் தின்னுக்கிட்டுக் கெடக்கான், ஒரு ஏப்பம் விட்டானா?"

சிரித்துக்கொண்டே பாறை இடுக்கில் கைவிட்ட முனீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி... வலை."

இழுத்தார்கள். பாசி பிடித்திருந்தாலும் நைலான் இற்றுப்போகவில்லை.

"அண்ணன் வலைதான். பாருங்க, மடிச்சு வச்சிருக்கான். செத்தும் பத்திரமா வச்சிருக்கான்" என்று முனீஸ்வரி அழுதாள்.

பெத்தம்மாள் அழவில்லை. வலையைப் பார்த்தாள். மூன்று மடிப்பு. ஈயக்குண்டுகள் உள்பக்கம். மேலே இடக்கைக்காரன் முடிச்சு. மீன்பிடித்து முடித்துக் கரையில் உட்கார்ந்து அவன் போடும் அதே மடிப்பு. நடுவில் கட்டியிருந்த தட்டைக்கல் மட்டும்தான் புதுசு. வெள்ளத்தில் முங்குகிறவன் வலையை மடித்துக் கல் கட்டமாட்டான். கட்டி உள்ளே போட்டுவிட்டு, சட்டையையும் செருப்பையும் விட்டுவிட்டு, நடந்து போயிருக்கிறான்.

"நீ கரைக்குப் போட்டி. நான் வாரேன்."

அவன் ஒருநாளும் இங்கே இல்லை. அப்படியானால் இத்தனை வருஷம்?

கணுக்காலில் குளிர்ந்தது. அதே தடவல். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. குனிந்து துழாவியிருந்தால் கையில் ஏதாவது பட்டிருக்கும். அவள் குனியவில்லை.

"நீ அவிய இல்ல, அப்படித்தான?"

தடவல் நிற்கவில்லை.

"யாரா இருந்தா என்ன. பதினோரு வருசம் எங்கதையக் கேட்டது நீதான். இந்தா."

கூடையைத் தூக்கி விராலை விட்டாள். கால் லேசாயிற்று.

வலையைத் தோளில் போட்டுக் கரையேறியதும் தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். அண்ணன் செத்தது உறுதியாகிவிட்டதென்று முனீஸ்வரி இன்னும் ஓங்கி அழுதாள். பெத்தம்மாள் அவளைத் திருத்தவில்லை.

ஒன்பதாம் நாள் மடு ஒட்ட வற்றியது. அப்போதுதான் ஊருக்குத் தைரியம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் சேற்றை முழங்கைவரை துழாவினார்கள். கெளுத்தி கிடைத்தது, குறவை கிடைத்தது. எலும்பென்று ஒரு துண்டுகூட இல்லை. அந்த விராலும் இல்லை.