காந்த மாத்திரை

ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கைக்கு வரும்வரை மெஷினை விட்டு எழக்கூடாது. இருபத்தெட்டு வருடத்தில் டெய்லர் இதை ஒருநாளும் மீறியதில்லை. அவர் தைத்த பள்ளிச் சீருடை எதிலும் ஊசிமுனை போனதில்லை. தரையில் விழுந்ததைத் தேட, நூலில் கட்டிய காந்தம் ஒன்று மெஷினின் ஓரத்தில் எப்போதும் தொங்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பார். துணி தடிக்கும் இடமும் பாபினில் அடிநூல் தீரும் நேரமும் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். கண்ணுக்குத் தெரிவது அதற்கப்புறம்தான்.

சர்க்கரை நோய் வந்த பதினோராவது வருடம் அந்த உள்ளங்கால் எரியத் தொடங்கியது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் காந்தியது. போர்வை பட்டாலே காலை உதறுவார். டாக்டரிடம் காட்டச் சொன்னால், "சீருடை வேலை முடியட்டும்" என்பார். சீருடை வேலை எந்த வருடமும் முடிந்ததில்லை.

கடையில் துணி வெட்டுகிறவன் அவர் மனைவியின் தம்பி. அவன்தான் அந்த டப்பாவைக் கொண்டுவந்தான்.

"மாமா, மெக்னீசியம். நரம்புக்கு நல்லதாம். என் சகலைக்கு ரெண்டே வாரத்துல கால் பிடிப்பு போயிடுச்சு."

"உன் சகலை என்னைக்கு வேலைக்குப் போனான் மாப்ள, கால் பிடிக்கறதுக்கு?" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மனைவியின் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. மேக்னெட் என்றாள். பிறகு அதையும் விட்டாள்.

"காந்த மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஊசியெல்லாம் என்மேல வந்து ஒட்டிக்கப் போகுது, தள்ளி உக்காரு."

முதல் மாதம் வயிறு இளகியதுதான் மிச்சம். மூன்றாம் மாதம் எரிச்சல் குறைந்தது. ஐந்தாம் மாதம் நின்றேபோனது. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் டப்பாவை எடுத்துக் காட்டினார். பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல், ஒரு முழத்துக்கு வெறும் ஓட்டையாகத் தைத்துக்கொண்டு போனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரு கால்சட்டையின் தடித்த மடிப்பில் ஊசி உடைந்தது. மேல்துண்டு மெஷினிலேயே இருந்தது. முனையைக் காணோம். காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தார். பெடலுக்கு அடியில் விட்டு அலசினார். கால்சட்டையின் தையலைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்.

"குப்பையோட போயிருக்கும் மாமா, எழுந்திரிங்க."

அன்று முதல்முறையாக முனை கிடைக்காமல் எழுந்தார். அந்தத் துணியை ஒதுக்கிவைத்துவிட்டு, புதுத் துணி வெட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள் பெருக்கும்போது மனைவி பெடலைப் பார்த்தாள்.

"என்னங்க இது, கறையா?"

"எண்ணெயா இருக்கும்."

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கால் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. லேசாக நாற்றமும் வந்தது. அவள் கை நீட்டிக் காந்தத்தை இழுத்து அந்தப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோனாள். அது 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

தம்பி கத்தரிக்கோலும் கையுமாக நின்றான்.

"மூணு நாளா உங்களுக்கு வலிக்கவே இல்லையா?" என்றாள்.

அவர் குனிந்து, வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

மருத்துவமனையில் முனையை எடுத்துச் சீழைக் கழுவிக் கட்டுப்போட்ட டாக்டரம்மாவிடம், அவர் அந்த டப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"மெக்னீசியம் உடம்புல குறைவா இருந்தா நாங்களே கொடுப்போம். ஆனா உங்க எரிச்சல் அதனால நிக்கலை. எரியுதுன்னு சொல்ல அங்க உயிருள்ள நரம்பு இல்லை, அதான் நின்னுபோச்சு."

"புண் ஆறினதும் மெஷின்ல உக்காரலாமா? இந்தக் கால் போனாலும் அந்தக் கால் நல்லாத்தான் இருக்கு. அதை வச்சே மிதிச்சுடுவேன்."

"அதையும் பாத்துட்டு சொல்றேன். கண்ணை மூடிக்குங்க. இந்த இழையால தொடுவேன். படும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

அது நைலான் இழை. எந்த நம்பர் என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப்போடாத காலில் கட்டைவிரல், சுண்டுவிரல், விரல்களுக்குக் கீழே மூன்று இடம், நடுப்பாதம், குதிகால். ஒவ்வோர் இடத்திலும் இழை பட்டு வளைந்தது. டாக்டரம்மா இழையை உறைக்குள் போட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்.

பாபினில் நூல் தீரப்போகும்போது கவனிப்பாரே, அதே முகத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"நான் தயாரா இருக்கேன்," என்றார். "ஆரம்பிங்க டாக்டர்."