பிரேக் போட்டால் சிவப்பு

எலெரி ஓட்டுநர் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். அன்று மாலை அவளும் அவள் அம்மா லினெட்டும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவந்து, எலெரி அதுவரை பார்த்த சில்லறை வேலைகளின் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியிருந்த பழைய நீலக் காரின் பானெட் மீதே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வினிகர் சொட்டிய இடத்தை எலெரி தன் சட்டைக் கையால் துடைத்தாள். சந்தோஷம் அன்றோடு சரி. மறுநாள் காப்பீட்டுக்கு விலை கேட்டார்கள். ஓராண்டுக்குக் கேட்ட தொகையில் அதே மாதிரி இரண்டு கார் வாங்கலாம்.

"நீ எதையோ தப்பா தட்டிட்டடி. மறுபடி போடு," என்றாள் லினெட்.

மறுபடி போட்டாள். எதையும் தப்பாகத் தட்டவில்லை. வயது பத்தொன்பது. அது ஒன்றுதான் தப்பு.

"எங்கே, என் வயச போட்டுப் பாரு."

போட்டார்கள். தொகை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது. லினெட்டுக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிச் சமையலறையில் வேலை. அவள் கார் உரசாத வாசல் தூண் எங்கள் தெருவில் கிடையாது.

"பாத்தியா, உலகத்துல ஒருத்தனாவது என்ன நல்ல டிரைவர்னு நம்பறான்!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எலெரிக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரான நான்டியில் காரைச் சொகுசு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபின் ரயிலை எடுத்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை எடுத்தார்கள். பிறகு விடிகாலை பஸ்ஸை. வேல்ஸ் மலைகளுக்கு நடுவே இப்படி வரிசையாய்க் கைவிடப்பட்ட ஊர்கள் எத்தனையோ. எலெரியின் வேலை, தாங்களாக எழுந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் அவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைப்பது. மற்ற வீடுகளெல்லாம் ஊருக்குள், நடந்துபோகிற தூரம். ஆனால் விடிந்ததும் போகவேண்டிய முதல் வீடு மலைக்கு மேலே, பென்க்ரைக்கில். அங்கே பஸ் என்றைக்குமே போனதில்லை. கார் இல்லையென்றால் முதல் வீடு இல்லை. முதல் வீட்டை எடுக்கமுடியாதவளுக்கு வேலையே இல்லை என்று ஏஜென்சியில் சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

மாமா மகன் ரோட்ரி ஒரு வழி சொன்னான்.

"அத்தை பேர்ல எடு எலெரி. வண்டி அவங்களுது, நீ எப்பவாவது தொடுவேன்னு சொல்லு. தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டறான்."

"பொய் இல்லயாடா அது?"

"பொய் இல்லடி, தள்ளுபடி."

லினெட் அப்போதே சரி என்றாள். எலெரிதான் ஒப்பவில்லை. போன வருடம் கீழ்த்தெருப் பையன் ஒருவன் அப்பா பேரில் எடுத்து ஓட்டி, சுவரில் மோதினான். அப்பா தினமும் வேறு வண்டியில் வேலைக்குப் போகிறார், இதை ஓட்டுவது மகன்தான் என்று தெரிந்து, கம்பெனி கையை விரித்துவிட்டது. அப்பாவின் காப்பீடும் போயிற்று. "ஏமாத்தினவன்னு பேர் வந்தா, அடுத்தவங்க வீட்டுச் சாவிய என் கையில யாரும்மா குடுப்பாங்க?" என்று எலெரி கேட்டாள்.

நேர்மையான வழி ஒன்று மிச்சமிருந்தது: பெட்டி. கம்பெனி அனுப்பும் சின்னக் கருவி அது; காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டால் எவ்வளவு வேகம், எப்படித் திரும்புகிறாய், எவ்வளவு அழுத்திப் பிரேக் போடுகிறாய், எந்த நேரத்தில் வெளியே போகிறாய் என்று எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக ஓட்டினால் வாரக் கடைசியில் செல்போனில் பச்சை, சுமாராக ஓட்டினால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. பெட்டிக்குச் சம்மதித்ததும் தொகை பாதியாயிற்று. அந்தப் பாதியைக் கட்டவே எலெரி சம்பளத்தில் பெரும்பங்கை எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

இளைஞர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்பது உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. பென்க்ரைக் போகும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே சாலையோரத் தடுப்புக் கம்பியில் ஒரு ரக்பி சட்டை கட்டித் தொங்குகிறது, வெயிலில் வெளுத்துப்போய். எலெரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த டேவனின் சட்டை அது, அவன் நினைவாகக் கட்டியது. ஒரு சனிக்கிழமை, காரில் நான்கு பேர், வளைவு தாங்காத வேகம். கம்பெனியின் கணக்கில் டேவன் இருக்கிறான். ஆனால் கணக்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது. அதை எடுத்துத் தனி ஆளின் நெற்றியில் ஒட்டினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. எப்போது பிறந்தாய், எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, நீ இன்ன மாதிரிதான் நடப்பாய் என்று முடிவுகட்டுகிற பழக்கம் இதைப் படிக்கும் உங்களுக்கும் புதிதாக இருக்காது. காப்பீடு இல்லாமல் வண்டியை எடுக்காதே என்கிறது சட்டம். நல்ல சட்டம்தான். அந்தக் கட்டாயத்தைப் போட்ட அரசாங்கம் விலையை மட்டும் வியாபாரியிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

முதல் மாதம் எலெரிக்குச் சிவப்பு வந்தது.

காரணம் ஆடுகள். எங்கள் மலை பொதுநிலம், வேலி கிடையாது. செம்மறிகள் இஷ்டத்துக்கு இறங்கிவந்து தெருக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து மேயும். தார்ச்சாலை இரவெல்லாம் கொஞ்சம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் விடிகாலையில் அங்கேதான் படுத்துக்கிடக்கும். நான்டியில் பிறந்தவர்களுக்கு ஆட்டைக் கண்டால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பெட்டிக்கு ஆடு தெரியாது. அழுத்தம்தான் தெரியும். போதாததற்கு, ஊர் உறங்கும் நேரத்தில் இளம்பெண் வண்டியை எடுக்கிறாள் என்பதும் அதன் கணக்கில் ஒரு கெட்ட குறி.

இரண்டாவது சிவப்பு வந்தபோது கூடவே எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது வந்தால் காப்பீட்டை ரத்து செய்வார்கள். ஒருமுறை ரத்தானால் போச்சு. அதற்குப்பின் எந்தக் கம்பெனியிடம் போனாலும் அதைச் சொல்லியாகவேண்டும், சொன்னதும் விலை வானத்துக்கு ஏறும். எலெரி போன் செய்தாள். எடுத்தவனும் அவள் வயசுப் பையன்தான் போலிருந்தது.

"ஆடா?" என்றான்.

"ஆமா. ஆடு."

"ரோட்டுலயா?"

"ரோட்டுலதான். எங்க ஊர்ல அதுங்க ரோடு. நாங்க நடுவுல போயிட்டு வர்றோம்."

அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது. "ஆடுன்னு போட இங்க இடம் இல்லீங்க. வேற ரோட்டுல போக முடியாதா?"

"இருக்கறதே ஒரு ரோடுதான்."

"சரி, கொஞ்சம் லேட்டா கிளம்புங்களேன்? எட்டு மணிக்கு?"

"மேல ஒருத்தர் ராத்திரி பத்து மணியிலேருந்து ஒரே பக்கமா படுத்திருக்கார். அவர் மூத்திரப்பைகிட்ட எட்டு மணி வரைக்கும் பொறுத்துக்கன்னு நீங்களே சொல்லுங்க, நான் கேட்டேன்னு."

அவன் ஏதோ தட்டிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "மெதுவா பிரேக் போடப் பழகுங்க, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்," என்றான். பாவம், நல்ல பையன்தான்.

மேலே படுத்திருந்தவர் கெத்தின். ஐம்பது தாண்டியவர், நரம்பு நோய் வந்து கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் நின்றுபோயிற்று. நாக்கு மட்டும் நிற்கவில்லை. எலெரி அவரை விசையால் உயர்த்தும் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கி நாற்காலிக்கு மாற்றும்போது, "பாத்து பொண்ணே, பியானோ உள்ள வருது," என்பார், கனத்த சாமான் இறக்குகிறவர்களின் குரலில். தினமும் அதே வார்த்தை. தினமும் அவள் சிரிப்பாள்.

குட்டி போடும் பருவம் வந்தது. ஒரு விடிகாலை, மூடுபனி. டேவனின் சட்டை தொங்கும் வளைவைத் தாண்டியதும் சாலை நடுவில் ஒரு தாய் ஆடு. எலெரி பார்த்துவிட்டாள். நிற்கத் தேவையான தூரம் இருந்தது. கால் பிரேக்குக்குப் போயிற்று. அழுத்தும் நொடியில் மூன்றாவது சிவப்பு ஞாபகத்துக்கு வந்தது. மெதுவாக, பெட்டிக்கு நோகாமல் மிதித்தாள்.

ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஆடு இறந்திருந்தது. சற்றுத் தள்ளி அதன் குட்டி நின்று கத்தியது. எலெரி ஆட்டைப் பின்னங்காலைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். கம்பளியில் நீலச் சாயக் கோடு. மலையில் பண்ணை வைத்திருக்கும் ஹவெல் பாரி தன் மந்தைக்குப் போடும் அடையாளம். பிறகு மேலே போனாள், வேறென்ன செய்ய? கெத்தின் காத்திருந்தார்.

"கையில ரத்தம்? யாரத் தீத்துட்டு வர்ற?"

"ஆடு."

"பனியில தெரியலயா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சோப்பு கரைந்துகொண்டிருந்தது. "தெரிஞ்சுது கெத்தின். நிக்க இடமும் இருந்துச்சு. சிவப்பு விழும்னு மெதுவா மிதிச்சேன்."

அன்று தூக்கும்போது கெத்தின் பியானோவைப் பற்றிப் பேசவில்லை. காலைக் கஞ்சியைப் பாதி சாப்பிட்டபின்தான் கேட்டார்: "அந்த இடத்துல ஒரு புள்ள நின்னிருந்தா?"

எலெரி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அதத்தான் நானும் மேல வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தேன்."

வேலை முடிந்ததும் அவள் நேராக ஹவெல் பாரியின் பண்ணைக்குப் போனாள். அவர் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, அவள் சொன்னதைக் கேட்டு, காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு குடுக்கணும்னு சொல்லுங்க. தவணையா குடுத்துடறேன்."

"ஏம்மா, இந்த மலையில வருஷாவருஷம் என் ஆட்ட அடிக்கறாங்க. அடிச்சவன் எவனும் வந்து கதவத் தட்டினதில்ல. போன தடவ அடிச்சுட்டு ஓடினவர் யாரு தெரியுமா? வேணாம் விடு, பெரிய மனுஷர்." குட்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, அதைப் பால் உள்ள வேறோர் ஆட்டோடு சேர்க்கக் கிளம்பினார். பணம் வாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் செல்போன் ஒலித்தது. பச்சை. "அருமை! இந்த வாரம் மிகப் பாதுகாப்பாக ஓட்டினீர்கள்," என்று கைதட்டும் படத்தோடு. பெட்டி மோதலாகக் குறிக்கும் அளவுக்கு இடித்த அதிர்ச்சி போதவில்லை. எலெரி அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினாள். லினெட் முதலில் சிரிக்கப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பாதுகாப்புக்காக என்று சொல்லி மாட்டிய கருவி, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருத்திக்குக் கொல்வதைப் பழக்கியிருந்தது. பழக்கியதற்குப் பாராட்டும் அனுப்பியிருந்தது. இதைத் திட்டமிட்ட அறிவாளிகள் யாரும் கெட்டவர்களாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் எந்த விடிகாலையிலும் பென்க்ரைக் சாலையில் வந்ததில்லை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வளைவுக்கு அப்பால் மூன்று ஆடுகள். எலெரி முழுக்காலையும் ஊன்றி மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது. ஆடுகள் எழுந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவகாசமாக நகர்ந்தன. செவ்வாயும் மிதித்தாள். புதனும். வாரக் கடைசியில் மூன்றாவது சிவப்பு வரும் என்பது தெரிந்துபோயிற்று. அவர்கள் ரத்து செய்தால்தான் கறை. தானே முந்திக்கொண்டு நிறுத்தினால் கறை இல்லை. அதே கம்பெனிக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னாள். பெட்டியைப் பிய்த்தெடுத்த இடத்தில் கண்ணாடியில் பசை ஒட்டியிருந்தது. நீலக் கார் வாசலில் நின்றது.

"அப்ப கெத்தினுக்கு?" என்றாள் லினெட்.

"ஏஜென்சில வேற ஆள் அனுப்புவாங்களாம். கீழேருந்து ஒருத்தி. ஒன்பதரைக்குத்தான் வர முடியுமாம்."

"ஒன்பதரைக்கா? அதுவரைக்கும் அந்த மனுஷன் ஈரத்துல கிடக்கணுமா?"

"கிடப்பார். எனக்கும் வேலை போவும்."

லினெட் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். பிறகு தன் கார்ச்சாவியை எடுத்து மேசைமேல் போட்டாள். "எனக்கு ஸ்கூல் எட்டு மணிக்குத்தான். அஞ்சரைக்கு எழுப்பு. ஆனா ஒன்னு, வழியில என் ஓட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

இப்போது தினமும் விடிகாலையில் அந்தக் கார்தான் மலை ஏறுகிறது. லினெட் ஒரு கையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஓட்டுகிறாள். கண்ணாடியில் எந்தப் பெட்டியும் இல்லை. அவளை யாரும் அளப்பதில்லை. நல்ல ஓட்டுநர் என்று கம்பெனி இந்த வருடமும் தள்ளுபடி கொடுத்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் எலெரி, இல்லாத பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடி, பனிக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

"அம்மா, ஆடு!"

"பாத்தாச்சுடி."

"பாக்கல. அம்மா!"

கார் குலுங்கி நிற்கிறது. ரொட்டி லினெட்டின் மடியில் விழுகிறது, ஜாம் இருந்த பக்கம் கீழே. ஆடு எழுந்து நின்று சோம்பல் முறிக்கிறது.

"பாரு, நின்னுட்டேன்ல," என்கிறாள் லினெட், பாவாடையைத் துடைத்துக்கொண்டே. "எவனாவது பச்சை காட்டறானா?"