அங்குலம் அக்காவும் 1.83 மீட்டரும்

இரும்பு அளவுகோலைப் புது அட்டையின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "எட்டரை அங்குலத்துக்கு இருநூத்திப் பதினாறு மில்லிமீட்டர்" என்று முணுமுணுக்கிறார் அங்குலம் அக்கா. யாரும் கேட்கவில்லை. எதிர் மேசையில் அட்டை வரைபவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்தப் பதிப்பகத்தில் பதினெட்டு வருடமாக அச்சுப்பிழை திருத்துகிற அக்காவுக்கு, பழைய அளவு எதைக் கண்டாலும் வாய் சும்மா இருக்காது.

ஆனால் எதை எந்த அளவில் சொல்வது என்பதில் அவருக்குத் தனி நியாயம். வேலைக்கு நடந்து வரும் தூரத்தை மைலில் சொல்வார். எண் சின்னது, கால் வலிக்காது. உயரத்தை மட்டும் சென்டிமீட்டரில். "நாலடி பத்தங்குலம்னா பாவமாப் பாக்கறாங்க. நூத்தி நாப்பத்தேழுன்னு சொல்லிப் பாருங்க, எவ்வளவு கம்பீரமா இருக்கு!" இத்தனை கணக்கும் தெரிந்தவர்தான் மூன்று மீட்டர் திரைச்சீலைக்குப் பதில் மூன்று கெஜம் வாங்கிக்கொண்டு போய் நின்றார். தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிய திரையைப் பார்த்து அவர் வீட்டுக்காரர், "அதுக்கும் உன் உயரம் வந்துடுச்சே" என்றாராம்.

இதெல்லாம் சில்லறை. அக்காவின் பெரிய சாதனை நான்கு வருடத்துக்கு முந்தையது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவார். "மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கும் கொஞ்சம் மரியாதை வேணுமில்ல?"

ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் தன் கடல் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக் கொடுத்திருந்தார். அடி, கெஜம், மைல் எல்லாம் நிறைந்த புத்தகம். கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்ற கணக்கில் எழுதியிருந்தார்; ஒரு பாகம் ஆறு அடி. முதலாளிக்குக் கவலை வந்துவிட்டது. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இது புரியாதுங்க அக்கா. எல்லாத்தையும் மீட்டராக்கிடுங்க."

அக்காவுக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. பதினேழு பாகத்தை முப்பத்தொரு மீட்டராக்கினார், நாற்பது அடியைப் பன்னிரண்டாக்கினார். ஒன்பது நாள் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றியவருக்குக் கடைசி நாள் பொறுமை போய்விட்டது. மிச்சமிருந்த 'ஓர் அடி'களை எல்லாம் '30 சென்டிமீட்டர்' என்றும், 'ஒரு பாகம்' வந்த இடங்களை எல்லாம் '1.83 மீட்டர்' என்றும் மாற்றும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டது.

ஐநூறு பிரதி அச்சாகி, பைண்டிங் முடிந்து வந்த அன்று, அக்கா ஒன்றைப் பிரித்தார். கப்பல் சமையல்காரனின் கன்னத்தில் 30 சென்டிமீட்டர் விழுந்திருந்தது. ஒரு மாலுமி துறைமுகத்தில் வாங்கிய துப்பறியும் நாவலில் 1.83 மீட்டர் மட்டுமே படித்திருந்தான். அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. கேப்டன் தன் மனைவி இறந்த நாளைப் பற்றி எழுதிய பக்கம் அது. அத்தியாயத்தின் கடைசி வரி: 'என் வாழ்க்கையில் 1.83 மீட்டர் அவளோடு போனது.'

முதலாளி ஃபோன் பண்ணிச் சொல்லலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தே கேப்டன் வீட்டுக்குப் போனார்.

"கம்ப்யூட்டர் மேல பழி போட மாட்டேன் சார். பட்டனை அமுக்கினது இந்த விரல்தான்" என்று விரலையும் நீட்டிக் காட்டினார்.

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சமையல்காரனிடம் வந்தபோது உடல் குலுங்கச் சிரித்தார். அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் அக்காவேதான் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது. கேப்டன் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஒரு பாகம்னா ஆறடி. கணக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றார் கடைசியில். "அவளுக்கு நான் கடைசியாக் குடுத்த இடமும் அவ்வளவுதான்."

"பழையபடியே 'ஒரு பாகம்'னு மாத்திடறேன் சார்" என்றார் அக்கா.

"வேண்டாம். அதுவும் தப்புக் கணக்குதான்."

அக்காவின் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேப்டன் கை நீட்டிக் கேட்டு வாங்கினார். 'வாழ்க்கையில்' என்பதன் வாலில் ஒரு கோடு. எண்ணின் மேலும் மீட்டரின் மேலும் இன்னொரு கோடு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். 'என் வாழ்க்கை அவளோடு போனது' என்றிருந்தது.

திருத்தங்களைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக அச்சடித்து, ஐநூறு பிரதியிலும் ஒட்ட வேண்டியதாயிற்று. ஒரு பிரதிக்குப் பதினொரு சீட்டு. உதவிக்கு வந்தவர்களை எல்லாம், "விடுங்க, நானே ஒட்டறேன். தரையில உக்காந்து செய்யற வேலை. இங்க எல்லாரும் ஒரே உயரம்தான்" என்று விரட்டிவிட்டார். சமையல்காரனையும் மாலுமியையும் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டிக்கொண்டே போனார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கச் சீட்டை மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் உள்ளங்கையால் அழுத்தி, பசை காய்கிறவரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.