மழை பெய்தால் ராஜா வரமாட்டார்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு காப்பிக்கடையில் இருக்கும்போது எனக்குக் கிடைத்தது. சொன்னவர் திருச்சுழி பஸ்ஸின் கண்டக்டர். படியை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். "வேலு, உங்க ராஜபார்ட்டு போயிட்டாரு. மூணு நாள் காய்ச்சலு. நேத்துச் சாயங்காலம் முடிஞ்சிருச்சு" என்றார். டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். அப்படியானால் பாலவனத்தம் நாடகத்தில் ராஜா வேஷம் எனக்குத்தான் என்று தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அவர்மேல் நான் எவ்வளவு வயிற்றெரிச்சல் பட்டேன் என்பது அவரை அறிந்த உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இன்று தெரியட்டும், இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் ஒரே கம்பெனியில் சேர்ந்து சாப்பிட்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அல்ல. ஆளுக்கொரு ஊரில் இருப்போம். ஏஜெண்டு வெற்றிலை வைத்துத் தேதி சொன்னால் அந்தத் திருவிழா ஊருக்குக் காலையில் போய்ச் சேருவோம், ஒத்திகை இல்லாமல் அன்றைக்கே ஆடுவோம். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் தாய் தகப்பன் செத்தாலும் மேடை ஏறித்தான் ஆகவேண்டும். எங்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். சவரிமுத்து அண்ணனுக்கு மட்டும் வேறு சட்டம். வெற்றிலையைத் தொடுமுன் அவர் சொல்லிவிடுவார்: "மழை பெஞ்சா நான் வரமாட்டேன். ஆடிக்கிட்டு இருக்கையில பெஞ்சாலும் வேசத்தக் கலைச்சிட்டுப் போயிருவேன். சம்மதம்னா வையிங்க." ஏஜெண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பார். அந்தக் குரலும் அந்த நடையும் வேறு எவனிடம் இருந்தது, சொல்லுங்கள். என்னிடம் இல்லை.

திருச்சுழிக்குத் தெற்கே அவருக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். நம் பக்கத்து மழை ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூசி பறக்கும். அதனால் அவர் எங்கே ஆடிக்கொண்டிருந்தாலும் ஊரில் ஈரம் விழுந்த செய்தி வந்து சேர அவரும் அவர் மனைவி அருளாயி மதினியும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மழை பெய்ததும் மதினி புஞ்சையில் ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு பிடி மண் எடுப்பார். அதைப் பழைய சேலைக் கிழிசலில் முடிந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில்கூட அந்த முடிச்சு தவறாமல் வந்தது. அண்ணன் முடிச்சை அவிழ்த்து மண்ணை உள்ளங்கையில் வைத்து அமுக்குவார். உருண்டை பிடித்தால் விதைக்கிற பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். "வாரேன்" என்று ஒரு வார்த்தைதான். கிளம்பிவிடுவார்.

அவர் போனால் கிரீடம் எனக்கு. மற்ற நாட்களில் ஈட்டி பிடித்து நிற்கிற சேவகன் நான். "மகாராஜா அழைத்தீர்களா" என்பதற்குமேல் எனக்குப் பெரிய வசனம் கிடையாது. ஐப்பசி பிறக்குமுன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் அவருக்கு நான் சளைத்தவன் இல்லை. அவருக்குப் பருத்திக்கு மழை வேண்டும், எனக்குக் கிரீடத்துக்கு மழை வேண்டும். ஆனால் நான் கிரீடத்தோடு மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்பார்: "சவரிமுத்து வரலையா?" யாராவது பதில் சொல்வார்கள்: "அவுக ஊருல மழை பெஞ்சிருச்சு, விதைக்கப் போயிட்டாக." உடனே அந்தப் பெரியவர், "அப்பச் சரி" என்று தலையாட்டுவார். அந்த 'அப்பச் சரி'யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. தாங்கள் பார்க்க வந்த ஆள் வராததுகூட அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்து நின்ற என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒரு மாசி மாதத்தில் வேஷத் துணி வாங்க அவர் ஊருக்குப் போயிருந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு வரிசையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மடியில் பருத்தியோடு ராஜா அழுகிற வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி நிமிராமல் சொன்னார்: "அது சரியில்ல. ராசா பொண்டாட்டி செத்துல்ல அழுகுறாரு? நீங்க மாடு செத்த மாதிரி அழுகுறீக." அதற்கு அவர், "மாடு செத்தாத்தான்டி எனக்கு நெசமா அழுகை வருது" என்றார். மதினி சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் நாலும் ஓடிவந்து என்னவென்று கேட்டன. நான் வரப்பில் நின்றேன். எனக்குச் சோறு போட்டார்கள், கருவாட்டுக் குழம்பு. அந்தக் குழம்பு நன்றாக இருந்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டுக் கதை வேறு. என் மனைவி பொன்னுத்தாயி கல்யாணமான இரண்டாம் வருஷமே எம்.ரெட்டியபட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "நீங்க வீட்டுக்கு வாரது விருந்தாளி வாரது மாதிரி இருக்கு. விருந்தாளிக்கு ஒருத்தி காலம்பூரா சோறு பொங்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கூப்பிடப் போனபோது மாமனார், "சேவகன் வேசம் கட்டுறவனுக்குப் பொண்ணக் குடுத்தது என் தப்பு" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவள் உள்ளேயிருந்து வரவில்லை. ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

அந்தப் புரட்டாசியில் எம்.ரெட்டியபட்டி அம்மன் கோயில் பொங்கலுக்கே எங்கள் நாடகம் அமைந்தது. மாமனார் முன்வரிசையில் உட்காருவார். பொன்னுத்தாயி வருவாள். அவள் முன்னால் ஈட்டியோடு நிற்பதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று இருந்தது எனக்கு. ராஜாவாக நின்றால் அவள் திரும்பி வருவாள் என்று மனதில் ஒரு பிடிவாதம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. முன்பு அவர் அவிழ்த்துப் போட்ட சேலைக் கிழிசல் ஒன்று என் பெட்டியில் கிடந்தது. ஊருணிக் கரையில் இறங்கி ஒரு பிடி ஈரமண் அள்ளி அதில் முடிந்தேன். பஸ் வந்து போனதும் அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "மதினி குடுத்து விட்டாகளாம்ணே" என்றேன். குரல் நடுங்கவில்லை. என் வாழ்நாளில் நான் நன்றாக நடித்த இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் முடிச்சை அவிழ்த்தார். மண்ணை அமுக்கினார். உருண்டை பிடித்தது. விரலால் அதைக் கொஞ்சம் கிண்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நல்ல மழைதான் போலருக்கு. வேலு, இன்னைக்கு நீ கட்டு. கிரீடம் உனக்குக் கொஞ்சம் பெருசு, உள்ள துணி வச்சுக்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு நான் ஆடினேன். 'சவரிமுத்து வரலையா' என்று அன்றும் கேட்டார்கள், அதே பதில், அதே 'அப்பச் சரி'. ஆனால் பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் பொன்னுத்தாயி உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் தகரப்பெட்டியோடு வந்து பஸ்ஸுக்கு நின்றாள். "ஒண்ணு சொல்றேன். எங்க அய்யா வெளைச்சல்ல பங்கு பேசி வாரத்துக்கு நெலம் தாராக. மழை பெஞ்சா நீங்களும் ஊருக்கு வரணும்" என்றாள். சரியென்றேன். அதோடு மழைக்கு ராஜாவாகும் வாய்ப்பும் போயிற்று. போகட்டும், எனக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. என் ராஜா வேஷத்தைப் பார்த்து என் பெண்டாட்டி திரும்பி வந்தாள் என்று காப்பிக்கடை காப்பிக்கடையாகச் சொன்னேன். சவரிமுத்து அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் மேல் எனக்கு இருந்த ஒரே வெற்றி அது. அவர் வெற்றிலை மென்றுகொண்டே, "ஆமாமா, வேலு அன்னைக்கு நல்லாக் கட்டுனான்னு சொன்னாக" என்பார்.

அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சாமியார் செபம் சொல்ல ஒருபக்கம் நிலம் உழுகிற சம்சாரிகள் நின்றார்கள், ஒருபக்கம் ஆர்மோனியக்காரர் முதல் பபூன் வரை எங்கள் ஆட்கள் நின்றார்கள். அவர் பெரிய மகன் மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே மண்ணைத் தள்ளினான். அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதும் எனக்குப் பொறாமைதான். எங்கள் ஆட்களில் ஊரைச் சம்பாதித்தவன் வீட்டை விட்டிருப்பான், வீட்டைக் காப்பாற்றியவன் மேடையை விட்டிருப்பான். இந்த மனிதன் ஒன்றையும் விடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு அருளாயி மதினி அண்ணனின் அரிதாரப் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "எம் பிள்ளைக யாரும் வேசம் கட்டல. நீங்க வச்சுக்கங்க கொழுந்தனாரே" என்றார். திறந்தேன். கண்ணாடி, மைக்கிண்ணம், ஒட்டுமீசை. மூலையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் மிளகு அளவில் ஒரு நத்தைக் கூடு.

"இது என்ன மதினி?"

"அது உங்க மண்ணுல கெடந்தது."

எனக்கு விளங்கவில்லை. மதினியே சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

"எம்.ரெட்டியபட்டி நாடகத்தன்னைக்கு இங்க வந்து நிக்கிறாக. வானம் வெளுத்துக் கெடக்கு, என்ன வந்திருக்கீகன்னு கேட்டேன். இதக் கையில குடுத்தாக. 'நம்ம புஞ்சையில ஏதுடி ஊருணி நத்தை? வேலுவுக்கு ஒரு மழை வேண்டியிருந்திருக்கு'ன்னு சொல்லிச் சிரிச்சாக. 'மண்ணு எடுக்கத் தெரியாத பய, ராசா வேசத்துக்கு ஆசப்படுறான்'ன்னாக. அன்னைக்கு எங்க எல்லாருக்கும் அவுக கையால கோழி அடிச்சுக் குழம்பு வச்சாக."

கேட்டீர்களா? நான் பொய்மழை பெய்யவைத்து அவருக்கு வீட்டில் கோழிக்குழம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் என் திருட்டு அவர் பெட்டியில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மை எடுக்கும்போது அந்தத் தீப்பெட்டியைப் பார்த்திருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கெளம்பும்போது உங்க மாமனார் வீட்டுக்கும் போயிட்டுத்தான் வந்திருக்காக. அத உங்க வீட்டுல கேட்டுக்கங்க" என்றார் மதினி.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தேன். பொன்னுத்தாயி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சவரிமுத்து அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டேன். கை நின்றது.

"வந்தாக. நாடகம் பாக்க வரமாட்டேன்னுதான் நான் இருந்தேன். 'தாயி, இன்னைக்கு உம் புருசன்தான் ராசா. நான் கட்டுனா ஊருக்காகக் கட்டுவேன். அவன் உனக்காகக் கட்டுறான். வந்து பாரு, புடிக்கலேன்னா எந்திரிச்சுப் போயிரு'ன்னு சொல்லிட்டுப் போனாக."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லாதன்னாக. நீங்க சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுறதப் பாத்தா எனக்கும் சொல்ல வாய் வரல." முறத்தை மறுபடி எடுத்தாள். "நான் எந்திரிச்சுப் போகலல்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை நடமாடுகிறேன். கூப்பிட்டவர் அவர்தான். உட்கார்ந்தது அவளாகவே உட்கார்ந்தாள். அவ்வளவாவது என்னுடையது. மற்றபடி சொல்கிறேன், நான் வாழ்நாளெல்லாம் பொறாமைப்பட்ட மனிதன் என்னை ஏமாற்றியிருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. செத்தபிறகும் அவருக்கு நான் சேவகன்தான்.

போன வாரம் பாலவனத்தத்தில் ராஜா வேஷம் கட்டினேன். மேடை ஏறுமுன் அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். எனக்கு அது வழக்கமில்லை. கிரீடத்துக்குள் துணி வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு இருப்பது அந்தப் பெட்டியும், நத்தைக் கூடும், வீட்டில் கம்பு புடைக்கிற ஒருத்தியும், அர்த்தம் எனக்கு விளங்காமல் என் முகத்தை அன்று அவர் பார்த்த பார்வையும். பொறாமையும் இருக்கிறது, அதையும் நான் விடப்போவதில்லை.

திரை விலகியது. முன்வரிசையில் செய்தி தெரியாத ஒரு பெரியவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சவரிமுத்து வரலையா?"

ஆர்மோனியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதனால் நானே சொன்னேன்.

"அவுக ஊருல மழை பெஞ்சிருச்சுய்யா. விதைக்கப் போயிட்டாக."

"அப்பச் சரி" என்றார் பெரியவர்.