இறங்கிய நேரம்

முப்பத்தொரு வருஷம் கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மீட்டரில் முள் என்ன காட்டுகிறதோ அதுதான் நிஜம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்பது என் கட்சி. ஆவி, அருள்வாக்கு, கனவில் வந்து சொன்னார் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். மாமனார் காரியத்தின்போதுகூட அப்படி எழுந்து போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உள்ளுக்குள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன்.

எங்கள் குடும்பம் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா வங்கி வேலைக்காகப் போனவர், பாலிகஞ்சில் ஒரு ஃப்ளாட் வாங்கி அங்கேயே கண்ணை மூடினார். அக்கா, நான், தம்பி பாபு என்று மூன்று பேர். நான் வேலை கிடைத்துத் தெற்கே வந்துவிட்டேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகி இன்னும் அதே ஃப்ளாட்டில் இருக்கிறாள், அந்தக் கட்டடத்துக்கே அவள் தீதி, வங்காள அக்கா. பாபு அவளோடுதான் இருந்தான். அவனுக்கு வைத்தியநாதன் என்று ஒரு முழுப்பெயர் உண்டு, ஆனால் அது சர்ட்டிஃபிகேட்டோடு சரி. வீட்டில், தெருவில், சால்ட் லேக்கில் அவன் வேலை பார்த்த ஆபீஸில் எல்லோருக்கும் அவன் பாபுதான்.

அந்த வேலை போய் எட்டு மாசம் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனில், "இன்னும் எத்தனை நாள்டா அக்காவுக்குப் பாரமா இருப்பே?" என்று கேட்டேன். மறுநாள் காலை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பால் வாங்கப் போகிறவன் மாதிரி இறங்கிப் போனவன் திரும்பவே இல்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம், காசி, ஹரித்வார் என்று தேடாத இடம் பாக்கியில்லை. அந்தப் போன் பேச்சை இன்றுவரை நான் அக்காவிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

போன குளிர்காலத்தோடு பன்னிரண்டு வருஷம் முடிந்தது. எங்கள் வழக்கத்தில் பன்னிரண்டு வருஷம் தகவலே இல்லாதவனுக்குக் காரியம் செய்துவிடலாம். ஆற்றங்கரையில் ஒரு கல்லை ஊன்றி, பேரைச் சொல்லி அவனை அந்தக் கல்லில் வரவழைத்து, பத்து நாள் எள்ளும் தண்ணீரும் விட்டு அனுப்பிவைக்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, பிறகு ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு அது முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் போனை மனசிலிருந்து இறக்கிவைக்க ஒரு நாள் வேண்டியிருந்தது. காரியம் செய்துவைக்கும் வாத்தியாரிடம் பேசி நாளும் குறித்துவிட்டு, பத்து நாள் ஊர் சுற்ற வருகிறோம் என்று அக்காவிடம் சொல்லி, நானும் மனைவி உமாவும் கொல்கத்தா போனோம்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "செத்ததை யாரு பார்த்தா? நீ பார்த்தியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நான் பன்னிரண்டு வருஷக் கணக்கைச் சொன்னேன், வாத்தியார் சொன்னதைச் சொன்னேன், கத்தவும் செய்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை.

பலூன் யோசனை உமாவுடையது. வீட்டு இறுக்கத்தைத் தளர்த்த ஏதாவது செய்ய வேண்டுமே என்று போனில் தேடி, நியூ டவுன் தாண்டி ஒரு மைதானத்தில் குளிர்காலத்தில் மட்டும் வெப்பக்காற்றுப் பலூனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், விடிந்ததும் கிளம்பி அரைமணி நேரம் பறக்கலாம் என்று கண்டுபிடித்தாள். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ அலமாரியிலிருந்து சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் தயாராகி நின்றாள்.

வாசலில்தான் பிரச்சினை. மூன்று பேர். மூன்று பேராக எங்கேயும் கிளம்பக்கூடாது என்பது எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு சட்டம், மூன்று பேர் என்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு போய், வந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். உங்களில் சில பேர் வீட்டிலும் இது இருக்கும். அக்கா பால்கனிக்குப் போய் குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்தாள். எலுமிச்சம்பழ அளவு, கறுப்பு, குறுக்கே பூணூல் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைக் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

காரில் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. என் வாயில் அன்றைக்குச் சனி. "நாலாவது ஆளுக்குப் பேர் வேண்டாமா? பாபுன்னு வெச்சுக்கோ. பாபு, நல்லா உட்காருடா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உமா என் தொடையில் கிள்ளினாள். அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஜனங்கள் ஒரு கல்லுக்கு மனிதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் கைக்குட்டையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மைதானத்தில் நல்ல பனி. பலூன் ஓட்டுகிறவர் ஐம்பது வயது வங்காளி, சிரிக்காத மனிதர், எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கும் ரகம், எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றி எழுதிக்கொண்டார். ஒரு படிவம் கொடுத்தார், அதில் மூன்று பேரையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பேர், நாலாவது வரி காலி. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரம்புக்கூடைக்குள் எங்களை மூலைக்கு ஒருவராக நிறுத்தினார். நாலாவது மூலை காலி, அவர் நடுவில். தலைக்கு மேலே நெருப்பு சீறியது, ஆனால் பலூன் உடனே எழும்பவில்லை. அவர் எடைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி நெருப்பைத் திறந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் தரை விலகியது.

மேலே போனதும் ஒன்று கவனித்தேன், பலூனில் காற்றே தெரியாது. காற்றோடு சேர்ந்து நாமும் போவதால் சால்வை நுனிகூட ஆடாது. நெருப்பை நிறுத்திவிட்டால் அப்படி ஒரு அமைதி, கீழே எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடிப்பது காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. பனிக்கு மேலே அடுக்குமாடிகளின் மொட்டைமாடிகள் மட்டும் நின்றன, அதைத் தாண்டி மீன் வளர்க்கும் ஏரிகள். உமா சின்னப் பெண் மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், எனக்குக்கூட மனசு லேசாகிவிட்டது.

அப்போது ஓட்டுகிறவர் அக்காவைப் பார்த்து, "ஓனாகே ஏக்டு ஜாய்கா தின்" என்றார். அவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று அர்த்தம். அக்கா யாருக்கு என்று கேட்கவில்லை. நகர்ந்து நின்றாள். நம்பினால் நம்புங்கள், வங்காள மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத உமாவும் போனைத் தாழ்த்தி, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு விலகுவது போல இந்தப் பக்கமாக ஒதுங்கினாள். ஏன் நகர்ந்தாய் என்று பிற்பாடு கேட்டேன், யாரோ இடித்தது போல இருந்தது என்றாள்.

நான் அந்தக் காலி மூலையைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அந்தக் குளிரில் எங்கள் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது, என்னுடையது, உமாவுடையது, அக்காவுடையது, நடுவில் நின்றவருடையது. அந்த மூலையிலும் ஒரு ஆள் உயரத்தில் புகை வந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. ஏதோ நீராவி, நெருப்பிலிருந்து இறங்கும் ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நெருப்பு அப்போது எரியவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், பதினொன்று வரை எண்ணிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். செத்தவன் மூச்சு விடமாட்டானே என்பதுதான் அப்போது எனக்கு வந்த நினைப்பு. அதில் எனக்கு ஆறுதலே இல்லை, பயமாகத்தான் இருந்தது.

அறுவடை முடிந்த ஒரு வயலில் இறங்கினோம். யாரும் தானாக இறங்கக்கூடாது, எடை குறைந்தால் கூடை மறுபடி எழும்பிவிடும், நான் சொல்லும்போது ஒவ்வொருவராக இறங்குங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீழே அவருடைய ஆட்கள் ஓடிவந்து கூடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் உமா, பிறகு நான், பிறகு அக்கா. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நாலாவது மூலையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றார், வயசானவர்களுக்குக் கை கொடுப்போமே அப்படி. கொஞ்ச நேரம் கழித்துக் கையை மடக்கிக்கொண்டார். கூடைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ அதட்டிக் கேட்டார், அவர்கள் மூன்று பேர்தான் இறங்கினார்கள் என்று கை காட்டினார்கள்.

நான் அக்காவிடம் கல் எங்கே என்றேன். அவள் உள்ளங்கையைத் திறந்தாள். கைக்குட்டை இருந்தது, போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நானே முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன், குரோட்டன்ஸ் தொட்டி மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

வயல் ஓரத்தில் டீ கொடுத்தார்கள். பறந்துவந்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் தருவது அவர்கள் வழக்கமாம், பேர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் ஓட்டுகிறவர் தன் கையாலேயே எழுதித் தருகிறார். கவரை வாங்கிப் பிரித்தேன். நாலு இருந்தது. மூன்று எங்களுடையது. நாலாவதில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் வைத்தியநாதன்.

இந்தப் பேரை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கிளம்பும்போது நாலாவது மூலையில் நின்றவர்தானே சொன்னார் என்றார் அந்த மனிதர். அக்காவைப் பார்த்தேன். தான் சொல்லவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பேரை நாங்கள் யாரும் வாயால் சொல்லியே பல வருஷம் ஆகியிருந்தது, காரில் நான் சொன்னதுகூடப் பாபு என்றுதான். அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். எங்கள் மூன்று காகிதத்திலும் இரண்டு நேரமும் எழுதியிருந்தது. அவனுடையதில் கிளம்பிய நேரம் மட்டும் இருந்தது, இறங்கிய நேரம் காலி.

அதையும் கேட்டேன். கேட்காமல் விட என்னால் முடியாது, என் தொழில் அப்படி. அந்த மனிதர் கொஞ்சம் சங்கடத்தோடு, "நாம்தே தேக்கி நி, தாதா" என்று ஆரம்பித்துத் தலையைச் சொறிந்துகொண்டார். அவர் இறங்கியதை நான் பார்க்கவில்லை அண்ணா, பார்க்காததை எப்படி எழுதுவேன் என்றார்.

திரும்பி வரும்போது காரில் அக்கா ஒரு முறைதான் பேசினாள். "கல்லு ஊன்றதைப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதே, மணி. அவன் இன்னும் எறங்கலை." நான் வாத்தியாருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் தேடாமல் இல்லை. வேறு யாருடைய பேரோ கலந்திருக்கும் என்றேன், முடிச்சு தளர்ந்து கல் விழுந்திருக்கும் என்றேன். உமா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். என்னை அரிப்பது அதுவல்ல. உயிரோடு எங்கேயோ இருக்கிறவனை அன்றைக்கு நான் விளையாட்டாகப் பேர் சொல்லிக் கல்லில் கூப்பிட்டுவிட்டேனா, அல்லது எப்போதோ போய்ச்சேர்ந்தவன் கூப்பிட்டதும் வந்தானா என்பதுதான். முதலாவது என்றால் என் தம்பியை நான் இரண்டாவது தடவையாக வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன். கோயம்புத்தூரில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்த நாலாவது காகிதம் என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் உமா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து எடுத்து விரிக்கிறேன். அவன் ஞாபகமாக என்று சொன்னால் பொய். இறங்கிய நேரத்தில் யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். போன வாரம் பார்த்தபோதும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் நான் எப்போதும் அதை இரண்டாகத்தான் மடித்து வைப்பேன், அன்றைக்கு நாலாக மடித்திருந்தது. உமாவும் எடுத்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது. அவளிடம் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இதுவரை கேட்கவில்லை.